நள வருஷத்துக்கு ஒரு டிக்கெட்

"எழுபத்தாறு" என்றார் ஆச்சி. நான் கேட்டது அவரிடம் இல்லை.

மான்குர்து ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சீத்தா கேம்ப் வந்துவிடும். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய சந்துகள். வாசலுக்கு வாசல் தண்ணீர் பிடித்து வைக்க நீல நிற பிளாஸ்டிக் டிரம். கீழே ஒரு குடும்பம், இரும்பு ஏணியில் ஏறினால் மேலே இன்னொரு குடும்பம். அப்படி ஒரு கீழ்வீட்டில் சாயங்காலம் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். கால இயந்திரம் ஒன்று வாசலில் வந்து நின்று, போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே டிக்கெட் கொடுத்தால் எந்த வருஷத்துக்குப் போவீர்கள் என்று கேட்டேன். ஒரு பையன் 2011 என்றான். ஏப்ரல் 2, வான்கடே மைதானம், தோனியின் கடைசி சிக்சரை அரங்கத்துக்குள் இருந்தே பார்க்கவேண்டுமாம். ஒரு பெண் 1010 என்றாள்; தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் உச்சிக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி வரிசைப் பொடியனுக்கு டைனோசர்.

வாசற்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆச்சி அப்போதுதான் "எழுபத்தாறு" என்றார். யோசிக்கவே இல்லை.

"எழுபத்தாறில எப்போ ஆச்சி?"

"மே மாசம். இடிக்கிறதுக்கு முந்தின ராத்திரி. அம்மிய வாசல்லயே போட்டுட்டு வந்துட்டோம், தம்பி. லாரியில தூக்கி ஏத்த ஆளில்ல. அது அங்கனயே கெடக்கா, யாரும் எடுத்துட்டாவளான்னு பாக்கணும்னு இருக்கு."

இந்த அத்தியாயத்தில் ஆச்சியின் பதிலையே எடுத்துக்கொள்கிறேன். காலப் பயணம் பற்றி இயற்பியல் இதுவரை சொல்லியிருப்பதை எல்லாம் அந்த ஒரு ராத்திரியின் மேல் வைத்துப் பார்க்கலாம். ராஜாக்களையும் போர்களையும் பார்க்கப் போகிறவர்களைக் காட்டிலும், ஓர் அம்மியைத் தேடிப் போகிறவருக்கு இடமும் நேரமும் துல்லியமாக வேண்டும்.

முதலில் அந்த ராத்திரி. சீத்தா கேம்புக்கு மேற்கே அனுசக்தி நகர். அதற்குத் தெற்கே டிராம்பே மலையும், பாபா அணு ஆராய்ச்சி மையமும். 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் தொடங்கியது. 1956 ஆகஸ்ட் 4 அன்று அங்கே ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்று உயிர்பெற்றது. நீச்சல் குளம் போன்ற தொட்டிக்குள் யுரேனியம். அதைச் சுற்றித் தண்ணீர். தண்ணீருக்குள் நீல ஒளி. அந்த ஒளியைப் பார்த்து நேரு வைத்த பெயர் அப்சரா. கிட்டத்தட்ட அதே காலத்தில், நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகள் மான்குர்துப் பக்கம் குடியேற்றப்பட்டு ஜனதா காலனி வளர்ந்துகொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் வந்த தமிழர்கள் அங்கே ஏராளம்.

தங்கவயலில் பிறந்து அந்தக் காலனிக்கு வந்து சேர்ந்தவர்தான் ஜோக்கின் அற்புதம். குப்பை அள்ள ஆள் வராத காலனியில் குழந்தைகளைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கையில் கொடுத்து, மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டவைத்தவர். காலனி இருந்த நிலம் அணு ஆராய்ச்சி மையத்துக்கு வேண்டும் என்று வந்தபோது கோர்ட்டுக்குப் போனார், டெல்லிக்குப் போனார், பல ஆண்டுகள் போராடினார். நெருக்கடி நிலை வந்தது. 1976 மே 17 அன்று காலனியை இடிக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 70,000 பேர் லாரிகளில் ஏற்றப்பட்டு, கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் இறக்கப்பட்டார்கள். அந்தச் சதுப்புதான் இன்றைய சீத்தா கேம்ப். "மொழங்கால் சேறு. ஆளுக்கொரு கோடு போட்டு வச்சிருந்தாவ. அந்தக் கோட்டுக்குள்ள பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நின்னேன்" என்றார் ஆச்சி.

சரி, போகவேண்டிய வருஷம் முடிவாகிவிட்டது. கால இயந்திரத்தில் என்ன எண்ணை அழுத்துவது?

1976 என்பது நமக்கு வழக்கமான எண். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அந்த ஏப்ரலில் பிறந்தது நள வருஷம். வியாழன் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30. இரண்டும் புறப்பட்ட இடத்துக்கே கிட்டத்தட்ட ஒன்றாகத் திரும்ப 60 ஆண்டு ஆகும். நம் அறுபது வருஷச் சக்கரம் அந்தக் கணக்கோடு பொருந்துகிறது. நள வருஷம் 2036-இல் மறுபடி பிறக்கும். ஆக, ஆச்சி வெறுமனே "நள வருஷத்து வைகாசி" என்று சொல்லியிருந்தால் இயந்திரம் 1916-க்கும் போகலாம், 2036-க்கும் போகலாம்.

நேரத்துக்கு வந்தால் மும்பையில் அதுவும் சிக்கல்தான். 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கெல்லாம் ஒரே நேரம் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தபோது பம்பாய் மறுத்தது. சூரியன் உச்சிக்கு வருவதற்கு முன்பே எதற்குப் பன்னிரண்டு மணி அடிக்கவேண்டும் என்று ஆலைத் தொழிலாளர்கள் கிளர்ந்தார்கள். பம்பாய் நேரம் என்று தனியாக ஒன்று, இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பின்தங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஓடியது. அந்தக் காலத்துச் சென்னை நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் வித்தியாசம் 30 நிமிடம். ஒரே சூரியனுக்குக் கீழே எந்தக் கடிகாரம் நிஜமான கடிகாரம் என்று ஆலை வாசலில் சண்டை நடப்பதற்கு ஓராண்டு முன்னால்தான், 1905-இல், ஐன்ஸ்டைன் தம் சார்பியல் கட்டுரையை எழுதியிருந்தார். எல்லோருக்கும் பொதுவான ஒரே "இப்போது" கிடையாது என்பது அதன் சாரம். ஆலைத் தொழிலாளிக்கும் ஐன்ஸ்டைனுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் நேரம் என்றால் யாருடைய கடிகாரம் என்ற கேள்வியை இருவரும் கேட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அடுத்தது இடம். சினிமாவில் கால இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்று வருஷத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும். ஆனால் நின்ற இடம் என்று எதைச் சொல்வது? பூமி சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. சூரியன் நம்மையெல்லாம் இழுத்துக்கொண்டு பால்வெளி மண்டலத்தைச் சுற்றுகிறது. பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் ஆதிகால ஒளியின் மிச்சத்தோடு ஒப்பிட்டால் சூரியக் குடும்பம் நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. 50 ஆண்டில் அது கடந்த தூரத்தை ஒளி கடக்கவேண்டுமென்றால் 22 நாள் ஆகும். வருஷத்தை மட்டும் சொல்லிப் பொத்தானை அழுத்தினால் ஆச்சி இறங்கும் இடத்தில் காலனியும் இருக்காது, பூமியும் இருக்காது.

அதனால்தான் இயற்பியலில் வருஷத்தைத் தனியாகச் சொல்வதில்லை. இன்ன இடம், இன்ன நேரம் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அது ஒரு நிகழ்ச்சி. ஒரு மனிதர் பிறந்த கணத்திலிருந்து அவர் இருந்த இடங்களையும் நேரங்களையும் புள்ளி புள்ளியாக வைத்து இணைத்தால் வரும் கோட்டுக்கு 1908-இல் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி உலகக் கோடு என்று பெயர் வைத்தார். ஆச்சியின் உலகக் கோடு தாமிரபரணிக் கரையில் தொடங்கி, ஜனதா காலனி வழியாக, இந்த வாசற்படிக்கு வந்து நிற்கிறது. அந்தக் கோட்டில் பின்னோக்கி நடக்க முடியுமா என்பதே கேள்வி.

முன்னோக்கி என்றால் முடியும். இதில் ஊகம் எதுவும் இல்லை, அளந்து பார்த்த செய்தி. அதற்குச் சாட்சி சொல்லும் துகள்களை நம்மவர்களும் அளந்தார்கள், அதுவும் ஜோக்கின் பிறந்த கோலார் தங்கவயலில்.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேல் அடுக்கில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்திலேயே பாய்ந்தாலும் அந்த ஆயுளுக்குள் 660 மீட்டர்தான் போகமுடியும். பிறக்கும் இடமோ 15 கிலோமீட்டர் உயரத்தில். சாதாரணக் கணக்குப்படி ஆயிரம் கோடி மியூவான்கள் புறப்பட்டால் ஒன்றோ இரண்டோதான் தரையைத் தொடவேண்டும். நிஜத்தில் உங்கள் உள்ளங்கையை விரித்தால் ஒவ்வொரு நொடியும் ஒன்றிரண்டு அதைத் துளைத்துக்கொண்டு போகின்றன. காரணம், வேகமாகப் போகும் மியூவானின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடுகிறது. அது தன் சின்ன ஆயுளுக்குள் நம்முடைய எதிர்காலத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்தத் துகள்கள் தரைக்குள் எவ்வளவு ஆழம் வரை போகின்றன என்று பார்க்க, ஹோமி பாபாவின் யோசனைப்படி 1951-இல் பி.வி. ஸ்ரீகண்டன் தங்கவயல் சுரங்கத்துக்குள் கருவிகளோடு இறங்கினார். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அந்த ஆய்வு பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் சிக்கியது. உலகத்தில் அதைக் கண்ட முதல் இடங்களில் அதுவும் ஒன்று. மேலே சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், தமிழ் பேசும் தெருக்கள். கீழே பாறைக்குள் நேரத்தை ஏமாற்றி வந்த துகள்களைப் பிடிக்கும் கருவிகள். அந்தத் தெருக்களிலிருந்து ரயில் ஏறி பம்பாய்க்கு வந்த எத்தனையோ பேர் பாபா தொடங்கிய இன்னொரு நிறுவனத்தின் வேலி ஓரத்தில் குடிசை போட்டார்கள். இந்த ஒற்றுமையை யாரும் திட்டமிடவில்லை. ஆனால் தமிழில் சார்பியல் எழுதுகிறவர் இதை விட்டுவிட்டு ஐரோப்பிய ரயில் உதாரணத்தையே மறுபடி மறுபடி சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மனிதர்களும் இப்படி முன்னே போயிருக்கிறார்கள், மிகக் கொஞ்சமாக. விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவர் நம்மைவிட ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு இளமையாகத் திரும்புகிறார். நம் கைபேசிக்கு வழி சொல்லும் செயற்கைக்கோள்களின் கடிகாரம் நாளொன்றுக்கு நொடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு விலகுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தப்பு வரும். மான்குர்துக்கு வரவேண்டிய ஆட்டோவைத் தாதரில் போய்த் தேடவேண்டியதுதான். ஒளியின் வேகத்தில் 98 சதவீதத்தை எட்டும் கப்பல் கிடைத்தால், இன்று 2026-இல் புறப்பட்டு, தன் கணக்கில் இரண்டே வருஷம் பயணம் செய்து, ஆச்சி 2036-இல் இறங்கலாம். அடுத்த நள வருஷம் பிறந்திருக்கும். ஆனால் அவர் கேட்டது அந்த நள வருஷத்தை இல்லையே.

பின்னோக்கிப் போவதற்கு ஒளியை முந்தவேண்டும் என்று பல பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒளியை முந்தும் துகள்கள் ஆச்சியின் பழைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இருந்தன. அப்சராவின் நீல ஒளி அதனால் வந்ததுதான். தண்ணீருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டேகால் லட்சம் கிலோமீட்டர்தான் போகும். உலையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் சில அதைவிட வேகமாகப் போகும். தண்ணீரைக் கிழித்துப் போகும் படகுக்குப் பின்னால் அலை விரிகிறதே, அதுபோல எலெக்ட்ரானுக்குப் பின்னால் விரியும் ஒளி அலைதான் செரன்கோவ் ஒளி. ஆனால் அவை முந்தியது தண்ணீருக்குள் தளர்ந்த ஒளியை. வெற்றிடத்தில் ஒளிக்குள்ள மூன்று லட்சம் கிலோமீட்டர் என்ற எல்லையை நிறையுள்ள எந்தத் துகளும் தொட்டதாகக்கூடத் தெரியவில்லை, தாண்டுவது கிடக்கட்டும். நீல ஒளி அழகு. அது பின்வாசல் இல்லை.

வேறு வழிகளைக் கணிதம் காட்டுகிறது. 1949-இல், ஐன்ஸ்டைனின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி, அவருடைய நண்பர் குர்ட் கோடல் அவருடைய சமன்பாடுகளிலிருந்தே ஒரு விடையை எடுத்துக் காட்டினார். பிரபஞ்சம் முழுவதும் சுழன்றுகொண்டிருந்தால், போதுமான தூரம் போகிறவரின் உலகக் கோடு வளைந்து தன் கடந்த காலத்துக்கே வந்து சேரலாம். நம் அறுபது வருஷச் சக்கரம் பெயரை மட்டும் திருப்பித் தருகிறது. கோடல் காட்டிய பிரபஞ்சம் வருஷத்தையே திருப்பித் தரும். நாம் வாழும் பிரபஞ்சத்தில் அப்படிப்பட்ட சுழற்சி தென்படவில்லை.

1988-இல் கிப் தோர்னும் அவருடைய மாணவர்கள் மைக்கேல் மாரிஸ், உல்வி யுர்ட்செவர் ஆகியோரும் புழுத்துளை வழியைச் சொன்னார்கள். வெளியில் ஒரு குறுக்குச் சுரங்கம், அதற்கு இரண்டு வாய். ஒரு வாயை இங்கேயே வைத்துக்கொண்டு, மறு வாயைச் சற்றுமுன் சொன்ன கப்பலில் ஏற்றி அனுப்புவோம். 2036-இல் அது திரும்பி வரும்போது அதன் கடிகாரம் 2028 என்று காட்டும். 2036-இல் அந்த வாய்க்குள் நுழைகிறவர் வீட்டில் இருந்த வாய் வழியாக 2028-இல் வெளியே வருவார். எட்டு வருஷம் பின்னே! அந்த வாயை மூடவிடாமல் பிடித்து வைக்க, வெற்றிடத்தைவிடக் குறைந்த, எதிர்மறை ஆற்றல் ஏராளமாக வேண்டும். அது கிடைக்க வழியில்லை என்று கருதுகிறவர்களே அதிகம். கால முறையை இயற்கையே காக்கிறது என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1992-இல் எழுதினார். அது கருதுகோள், இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. புழுத்துளை வேலை செய்தாலும் அதன் வழியாக 2026-க்கு முன்னால் போகவே முடியாது. இயந்திரத்தைச் செய்து முடித்த நாள்தான் எல்லை. அதற்கு முந்திய வருஷங்களுக்கு அதில் கதவே இல்லை.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒரு பெண் உடனே சொன்னாள்: "கட்-ஆஃப் தேதி மாதிரி."

அதேதான். மும்பையில் குடிசைகளில் வாழ்கிறவர்களுக்கு எந்த வருஷம் என்ற கேள்வி வெறும் விளையாட்டு இல்லை. 1976 தொடக்கத்தில் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தது. அந்தக் கணக்கில் வந்தவர், வராதவர் என்று நகரம் இரண்டானது. பிறகு 1995 ஜனவரி 1 வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே அந்த இடத்தில் இருந்ததை நிரூபித்தால் மாற்று வீடு. பிறகு எல்லை 2000 ஜனவரி 1-க்கு நகர்ந்தது. 2011-க்கு முன் வந்தவர்களுக்குக் காசு கட்டினால் வீடு என்றும் ஆனது. அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பது இயற்பியலில் நிகழ்ச்சி என்று சொன்னோமே, அதையேதான்: இன்ன தேதியில், இன்ன இடத்தில், நீ இருந்தாயா? உலகக் கோட்டின் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குச் சாட்சியாக ஒரு காகிதம்.

ஆச்சி தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே பழைய ரேஷன் கார்டு. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டிருந்தது. சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் போட்ட முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. பெயர் மராத்தியில் எழுதப்பட்டபோது ஓர் எழுத்து மாறிவிட்டதாம். அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை தடவை அலைந்தேன் தெரியுமா என்றார். வெள்ளம் வந்தால் முதலில் எதை எடுப்பீர்கள் என்று கேட்டேன். அந்த உறையைத்தான் தொட்டுக் காட்டினார்.

ஜோக்கின் அற்புதமும் அவரோடு உழைத்தவர்களும் இந்தக் காகிதத்தின் பலத்தைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். வேறு யாரோ வந்து எண்ணும்வரை காத்திராமல் குடிசைவாசிகளே தங்களை எண்ணத் தொடங்கினார்கள். எத்தனை வீடு, எத்தனை பேர், எந்த வருஷம் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டு எழுதினார்கள். மும்பை நடைபாதைகளில் வாழ்கிறவர்களை 1985-இல் அப்படிக் கணக்கெடுத்தார்கள். அந்த முறை ஆப்பிரிக்க நகரங்கள் வரை போயிற்று. ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருது வந்தது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் மும்பையிலேயே காலமானார். கால இயந்திரம் கட்டப்பட்ட நாளுக்கு முந்திய வருஷங்களுக்குக் கதவு கிடையாது என்று கண்டோம். எழுதி வைப்பதும் அப்படித்தான்: எழுதத் தொடங்கிய நாளிலிருந்துதான் பின்னால் வருகிறவர் திரும்பி வந்து பார்க்கமுடியும். இந்த ஒப்புமையை இதற்கு மேல் நான் இழுக்கப்போவதில்லை. இயற்பியல் வேறு, நியாயம் வேறு.

இருந்தாலும், எப்படியோ ஒரு வழி திறந்து ஆச்சி அந்த ராத்திரிக்குப் போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். போய் இடிப்பைத் தடுக்க முடியுமா? தாத்தாவைக் கொன்றால் பேரன் எப்படிப் பிறந்தான் என்று கேட்பார்களே, அந்தப் பழைய முடிச்சு இது. ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் சொல்லும் விடை எளிது. நடந்தது ஒரே ஒரு தடவைதான் நடந்தது. பின்னே போகிறவரும் அந்த நடந்ததில் ஏற்கெனவே ஒரு பங்கு. அவரால் அங்கே இருக்கமுடியும், பார்க்கமுடியும், பேசவும் முடியும். நடந்ததை நடக்காததாக ஆக்கமுடியாது. இப்படிப் பார்த்தால், ஆச்சி என்றைக்காவது அங்கே போகப்போகிறார் என்றால், 1976-இல் அவர் ஏற்கெனவே அங்கே இருந்திருக்கவேண்டும். எழுபது வயசுக் கிழவி ஒருத்தி, இருபது வயசு ஆச்சியின் வாசலில்.

கேட்டே விட்டேன். "அந்த ராத்திரி முன்னப்பின்ன தெரியாத வயசான அம்மா யாரும் வாசலுக்கு வந்தாங்களா, ஆச்சி?"

கீரைக்காம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "எத்தனையோ பேர் வந்தாவ, போனாவ. எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாவ. நான் யாரு மொகத்தப் பாத்தேன்?"

இந்தப் பதிலை நோவிகோவ் கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார்.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு வழி. அதில் நாம் போகமுடியாது. அந்த நாள்தான் போகும், போய்க்கொண்டும் இருக்கிறது. 1976 மே மாதத்துப் பகல்களில் ஜனதா காலனியின் தகரக் கூரைகளிலும் ஓலைகளிலும் அந்த அம்மியிலும் பட்டுத் தெறித்த வெயிலில் ஒரு துளியாவது மேகத்துக்குச் சிக்காமல் வானத்துக்குப் போயிருக்கும். அன்றிலிருந்து அது நிற்கவில்லை. 50 ஆண்டில் 50 ஒளியாண்டு தூரம் போயிருக்கிறது. ஏறத்தாழ அதே தூரத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. நம் புனர்பூசத்தில் பிரகாசமாகத் தெரியும் இரண்டில் ஒன்று. மேலைநாட்டார் காஸ்டர் என்கிறார்கள். இன்று அங்கே நின்று சரியான கருவியோடு பூமியைப் பார்க்கிறவருக்கு ஜனதா காலனி இடிபடாமல் இருக்கும்.

சரியான கருவி என்றால் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கிருந்து ஒரு மீட்டர் அளவுள்ள பொருளை, அதாவது ஒரு வாசற்படியை, பிரித்துப் பார்க்கவேண்டுமானால் தொலைநோக்கியின் ஆடி சுமார் 30 கோடி கிலோமீட்டர் குறுக்களவு இருக்கவேண்டும். பூமி சூரியனைச் சுற்றிவரும் பாதை முழுவதையும் ஒரு கண்ணாடியாக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். அம்மி இன்னும் சின்னது; அதற்கு அதைவிடவும் பெரிய ஆடி வேண்டும். யாராலும் அதைச் செய்யமுடியாது. ஆனால் ஒளி போய்ச் சேர்ந்தது சேர்ந்ததுதான். பார்க்க ஆள் இல்லாததால் அது இல்லாமல் போய்விடாது.

மே மாதத்தில் இருட்டும் நேரம் புனர்பூசம் மேற்கே தாழ்ந்து நிற்கும். சீத்தா கேம்பிலிருந்து மேற்கு என்றால் அனுசக்தி நகர்ப் பக்கம். பழைய காலனி இருந்த திசையும் அதுதான். நகரத்தின் வெளிச்சத்திலும் அந்த இரண்டு நட்சத்திரங்கள் தெரியும். இதைச் சொல்ல வந்தபோது அந்தப் பெயர் என்னை ஒரு கணம் நிறுத்தியது. மும்பையில் குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு தரும் அரசு அமைப்பின் மராத்திப் பெயர் ஜோபட்பட்டி புனர்வசன் பிராதிகரண். நட்சத்திரத்தின் பெயரிலும் அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையிலும் 'புனர்' என்ற ஒரே சொல் இருக்கிறது. மீண்டும் என்று அர்த்தம்.

பிள்ளைகள் புத்தகங்களை எடுத்துவைத்துவிட்டு எழுந்தார்கள். ஆச்சியைச் சந்து முனைக்கு அழைத்துப் போனேன். அங்கே வானம் கொஞ்சம் அகலமாகத் தெரியும்.

"ரெண்டு பக்கத்துல பக்கத்துல இருக்கு பாருங்க, ஆச்சி. வலப்பக்கம், கொஞ்சம் மங்கலா இருக்கிறது. அதுக்குப் பக்கத்துலதான் இப்போ அந்த வெளிச்சம் போய்ச் சேர்ந்திருக்கும்."

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்போ அங்கேருந்து பாத்தா, அம்மி இன்னும் வாசல்லதான் கெடக்கு?"

"ஆமா ஆச்சி."

"சரி" என்றார். நட்சத்திரம் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இறங்கும்வரை அங்கேயே நின்றார்.